டெல்ப்ட் நகரத்து ஜவுளி வியாபாரி

நீதி ஸ்தலங்களில் கண்ணால் கண்ட சாட்சிக்கு எப்பொழுதுமே மதிப்பு அதிகம். ஆனால், வேறு எவரும் காணாத ஒரு காட்சியைத் தாம் மட்டும் கண்டதாக ஒருவர் வந்து சொல்வாரானால், அவருடைய வாக்குமூலத்தை ஏற்பதா, தள்ளுவதா என்று முடிவு செய்வது எளிதன்று. சொல்பவர் பண்டிதராகவோ பிரபுவாகவோ இருந்தாலும் தயக்கம் உண்டாகும். அவர் கடையில் துணி அளந்து விற்கும் சாதாரண வியாபாரியாகவும், சர்வகலாசாலையின் வாசற்படியை மிதியாதவராகவும், அக்காலத்துக் கற்றோரின் பாஷையான லத்தீனில் ஒரு வார்த்தையும் அறியாதவராகவும் இருந்தால், கேட்டவர்கள் சிரித்துவிட்டுத் தங்கள் காரியத்தைப் பார்க்கப் போவதே உலக வழக்கம். 1676-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் லண்டன் ராயல் சொஸைட்டியாருக்கு இத்தகைய வாக்குமூலம் ஒன்று ஹாலந்து தேசத்திலிருந்து எழுதப்பட்டது. ஒரு துளித் தண்ணீருக்குள்ளே வெறுங் கண்ணுக்குப் புலப்படாத ஜீவராசிகள் ஆயிரக்கணக்கில் ஓடித் திரிவதைத் தாம் பார்த்ததாக அதில் ஒருவர் தெரிவித்திருந்தார். அவர் பெயர் அந்தோனி வான் லேவன்ஹூக்.

கிருமிகள் என்று ஒரு தனி உலகம் உண்டு என்பது இன்று பள்ளிக்கூடச் சிறுவர்களுக்கும் தெரிந்த விஷயம். அந்த உலகத்தின் கதவை முதன்முதலில் திறந்தவர் இந்த ஜவுளி வியாபாரியே. ஒரு மனிதன் பொறுமையையும் நேர்மையையும் மூலதனமாகக் கொண்டு எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்கு அவருடைய சரித்திரம் ஓர் உதாரணம். அறிந்ததைப் பிறருக்குக் கற்பிக்காமல் கையை மூடிக்கொண்டால் உலகத்துக்கு எவ்வளவு நஷ்டம் உண்டாகும் என்பதற்கும் அதே சரித்திரந்தான் உதாரணம். ஆகையால் அவருடைய பெருமையைச் சொல்லும்போது குறையை மறைப்பது நியாயமாகாது. இரண்டையும் நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

இளமையும் தொழிலும்

லேவன்ஹூக் 1632-ம் வருஷம் அக்டோபர் 24-ந் தேதி ஹாலந்திலுள்ள டெல்ப்ட் நகரத்தில் பிறந்தார். தகப்பனார் கூடை முடையும் தொழிலாளி. தாயார் பீர் காய்ச்சும் தொழிலில் பெயர்பெற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர். குழந்தைக்கு ஐந்து வயதாயிருக்கும்போதே தகப்பனார் காலமானார். தாயார் ஒரு சித்திரக்காரரை மறுமணம் செய்துகொண்டார். பையன் சில காலம் வார்மாண்ட் என்னும் ஊரில் பள்ளிக்கூடத்தில் படித்தான். பின்னர் உறவினர் ஒருவர் வீட்டில் வளர்ந்தான். பதினாறாவது வயதில் அவனை ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் ஒரு ஜவுளிக் கடைக்கு வேலை பழக அனுப்பினார்கள். அங்கே கணக்கும் வியாபாரமும் கற்றதுடன் அவருடைய படிப்பு முடிந்தது.

1654-ம் வருஷம் சொந்த ஊருக்குத் திரும்பி, விவாகம் செய்துகொண்டு, ஒரு வீட்டை வாங்கி அதிலேயே ஜவுளிக் கடை வைத்தார். துணியின் நெசவு நெருக்கமானதா, இழைகள் சீரானவையா என்று பார்ப்பதற்கு ஒரு சிறு பூதக்கண்ணாடியை வைத்து நூல்களை எண்ணுவது அக்காலத்து ஜவுளி வியாபாரிகளின் வழக்கம். லேவன்ஹூக்கின் கண் பழகியதும் அந்தத் தொழிலிலேதான் என்று கருதுவது பொருத்தம்.

அவருடைய குடும்ப வாழ்க்கையில் துக்கம் நிறைய இருந்தது. முதல் மனைவியிடம் பிறந்த ஐந்து குழந்தைகளில் மரியா என்னும் பெண் ஒருத்திதான் பிழைத்தாள். 1666-ம் வருஷம் மனைவியும் இறந்தார். 1671-ல் மறுபடி விவாகம் செய்துகொண்டார். அந்த அம்மையாரும் 1694-ல் காலமானார். மரியா கடைசி வரையில் விவாகம் செய்துகொள்ளாமல் தகப்பனாருக்குத் துணையாயிருந்தாள்.

ஊராருக்கு அவரிடம் நம்பிக்கை இருந்தது. 1660-ம் வருஷம் நகர நீதிபதிகள் கூடும் மண்டபத்தைக் கவனித்துக்கொள்ளும் உத்தியோகம் அவருக்குக் கிடைத்தது. 1669-ல் நில அளவைப் பரீட்சையில் தேறினார். 1679-ல் ஊருக்குள் வரும் திராட்சை மதுப் பீப்பாய்களை அளந்து கணக்கிடும் பதவியும் கொடுக்கப்பட்டது. அவர் பிறந்த அதே வருஷத்தில் அதே நகரத்தில் பிறந்த வெர்மீர் என்னும் புகழ்பெற்ற சித்திரக்காரர் கடனாளியாக இறந்தபோது, 1676-ல் அந்தச் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பை நகர அதிகாரிகள் லேவன்ஹூக்கிடமே ஒப்படைத்தார்கள். அளப்பதிலும் எண்ணுவதிலும் கணக்கு ஒப்புவிப்பதிலும் வாழ்நாளைக் கழித்த மனிதர் அவர். இந்தப் பழக்கம் அவருடைய ஆராய்ச்சிகளுக்கு எவ்வளவு உதவியாயிற்று என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கருவியின் அமைப்பு

பூதக்கண்ணாடி லேவன்ஹூக் கண்டுபிடித்ததன்று. அவர் பிறப்பதற்கு முன்பே இரண்டு மூன்று கண்ணாடி வில்லைகளை ஒரு குழாயில் வரிசையாகப் பொருத்திய மைக்ராஸ்கோப் ஐரோப்பாவில் வழக்கத்தில் இருந்தது. ராயல் சொஸைட்டியைச் சேர்ந்த ராபர்ட் ஹூக் என்னும் மேதாவி அத்தகைய கருவியால் தெள்ளுப்பூச்சி, நெட்டிக் கட்டை முதலியவற்றைப் பார்த்துப் படங்களுடன் 1665-ம் வருஷம் மைக்ரோகிராபியா என்னும் பெரிய புஸ்தகத்தை வெளியிட்டு, உலகத்தை வியக்க வைத்தார். ஆனால் அக்காலத்துக் கண்ணாடி வில்லைகளில் குற்றங்கள் அதிகம். பொருள்களின் ஓரத்தில் வானவில் போல் நிறங்கள் படரும், உருவம் மங்கும். வில்லைகள் பெருகப் பெருக அந்தக் குற்றங்களும் பெருகின.

லேவன்ஹூக் கைக்கொண்டது எளிய வழி. அவருடைய கருவியில் ஒரே ஒரு வில்லைதான் உண்டு. பித்தளை அல்லது வெள்ளியினால் ஆன இரண்டு சிறு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஆணியடித்து, நடுவிலுள்ள துவாரத்தில் மிளகினும் சிறிய ஒரு கண்ணாடி வில்லையைப் பொருத்தியிருப்பார். அதற்கு எதிரே ஓர் ஊசிமுனை. பார்க்க வேண்டிய பொருளை அந்த முனையில் ஒட்டவேண்டும். திருகாணிகளைத் திருப்பினால் ஊசி மேலும் கீழும், முன்னும் பின்னும் நகரும். கருவி முழுவதும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தகட்டைக் கண்ணோடு ஒட்ட வைத்து வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்க்கவேண்டும். தண்ணீரையோ இரத்தத்தையோ பார்ப்பதானால் மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயில் அதை ஏற்றி ஊசியின் ஸ்தானத்தில் நிறுத்துவார்.

வில்லை எவ்வளவு சிறிதாகவும் உருண்டையாகவும் இருக்கிறதோ அவ்வளவுக்கு உருவம் பெரிதாகத் தெரியும் என்பது ஒளி நூலின் விதி. ஆனால் அத்தகைய சிறு வில்லையைச் செய்வதும், அதன் வழியாகக் கண் கலங்காமல் மணிக்கணக்கில் பார்ப்பதும் சாமான்யமான காரியங்களல்ல. பொருள் வில்லைக்கு மிக அருகில் நிற்க வேண்டும். கடுகளவு விலகினாலும் காட்சி மறைந்துபோகும். வெளிச்சம் அதிகமானால் கண் கூசும். குறைந்தால் ஒன்றும் தெரியாது. உட்ரெக்ட் நகரத்துக் காட்சிசாலையில் இன்றும் இருக்கும் அவருடைய கருவி ஒன்று பொருள்களை ஏறக்குறைய 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. இப்படி 500-க்கு மேற்பட்ட வில்லைகளைத் தம் கையாலேயே செய்தார். ஒரு பொருள் நன்றாக அமைந்துவிட்டால் அதை ஊசிமுனையிலிருந்து எடுக்க மனமில்லாமல், அடுத்த பொருளுக்கென்று வேறு கருவி செய்துகொள்வது அவருடைய சுபாவம். சவரக் கத்தியைத் தீட்டிக்கொண்டு, தக்கை, செடியின் உள்நெட்டி, மாட்டின் கண் நரம்பு முதலியவற்றை ஒளி ஊடுருவும்படி மெல்லிய ஏடுகளாகச் சீவுவதிலும் அவர் கைதேர்ந்தவர்.

மிளகுத் தண்ணீர்

டெல்ப்ட் நகரத்தில் டி கிராப் என்ற இளம் வைத்தியர் ஒருவர் இருந்தார். அவர் 1673-ம் வருஷம் ராயல் சொஸைட்டியின் காரியதரிசியான ஓல்டன்பர்க்குக்கு எழுதி, இந்த ஜவுளி வியாபாரியின் கருவிகள் மற்றவர்களுடையவற்றைவிட மேலானவை என்று தெரிவித்து, அவருடைய முதல் குறிப்புக்களையும் அனுப்பிவைத்தார். அவ்வருஷம் இங்கிலாந்துக்கும் ஹாலந்துக்கும் கடலில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. சத்துரு தேசத்திலிருந்து வந்த கடிதம் என்று ஓல்டன்பர்க் அதை ஒதுக்கவில்லை. டச்சிலிருந்து இங்கிலீஷில் பெயர்த்துச் சங்கத்தின் பத்திரிகையில் பிரசுரித்தார். பீரங்கிகள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்த காலத்தில் இந்த மெல்லிய தொடர்பு ஆரம்பமாயிற்று. லேவன்ஹூக் சாகும் வரை ஐம்பது வருஷம் அது அறுபடவில்லை. அவரைச் சிபார்சு செய்த டி கிராப் அதே வருஷத்தில் முப்பத்திரண்டாவது வயதில் இறந்துபோனார்.

1674-ம் வருஷம் கோடைகாலத்தில் டெல்ப்ட் நகரத்துக்கு அருகிலுள்ள ஓர் ஏரியின் தண்ணீர் வழக்கம்போல் வெளுத்துக் கலங்கியது. பனி விழுவதால் இப்படியாகிறது என்பது அக்கம்பக்கத்துக் கிராமத்தாரின் நம்பிக்கை. லேவன்ஹூக் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் அந்தத் தண்ணீரை எடுத்துவந்து மறுநாள் பார்த்தார். பச்சை நாடா சுருண்டு கிடப்பதுபோன்ற பாசி இழைகளும், அவற்றின் நடுவே மேலும் கீழும் சுழன்று ஓடும் மிகச் சிறிய பிராணிகளும் தெரிந்தன. அவ்வருஷத்திலேயே இரத்தத்தில் மிதக்கும் சிவப்பு அணுக்களையும் விவரித்து எழுதினார்.

இதைவிடப் பெரிய அற்புதம் மிளகினால் விளைந்தது. கீழ்த்திசையிலிருந்து டச்சுக் கம்பெனியின் கப்பல்கள் மூட்டை மூட்டையாக மிளகைக் கொண்டு இறக்கிய காலம் அது. நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் கொச்சியிலும் கோட்டை கட்டி வியாபாரம் செய்தவர்கள் அந்தக் கம்பெனியாரே. மிளகு ஏன் காரமாயிருக்கிறது என்று லேவன்ஹூக்குக்கு ஒரு கேள்வி பிறந்தது. நாக்கைக் குத்தும்படியான கூர்முனைகள் அதன் துகள்களில் இருக்கலாம் என்று எண்ணினார். மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டு, வற்ற வற்றப் பனி உருகிய நீரை வார்த்து, மூன்று வாரம் காத்திருந்தார். 1676-ம் வருஷம் ஏப்ரல் 24-ந் தேதி அந்த நீரைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோது, தேடிய முட்களைக் காணவில்லை. எண்ணற்ற பிராணிகள் நெளிந்துகொண்டிருந்தன. அவற்றில் சில மிகவும் நுண்ணியவை. அவைதாம் பிற்காலத்தில் பாக்டீரியா என்று பெயர் பெற்ற கிருமிகள்.

அளவுகாரரான அவர், மிகவும் சிறியது என்று எழுதி நிறுத்திக்கொள்ளவில்லை. பரு மணல் ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொண்டார். இந்தப் பிராணிகளில் நூறை வரிசையாகக் கிடத்தினாலும் அந்த மணலின் நீளத்தை எட்டாது. ஆகவே பத்து லட்சம் சேர்ந்தாலும் அதன் கன பரிமாணத்துக்கு ஈடாகாது என்று கணக்கிட்டார். மணல், மயிரிழை, பேனின் கண், இரத்த அணு ஆகியவையே அவருடைய முழக்கோல்கள். இத்தகைய கணக்கில் அவருக்கு அளவற்ற பிரியம். ஒரு மீனின் விந்தில் எத்தனை உயிரணுக்கள் உண்டு என்று மதிப்பிட்டபோது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக உலகத்து நிலப்பரப்பு முழுவதும் ஹாலந்தைப்போல் நெருக்கமாகக் குடியேறியிருந்தால் ஜனத்தொகை எவ்வளவாகும் என்றும் 1679-ல் கணக்குப் போட்டார். விடை 1,300 கோடிக்குச் சற்று மேல் வந்தது.

எட்டுச் சாட்சிகள்

1676-ம் வருஷக் கடிதம் லண்டனில் பெரிய பரபரப்பை உண்டாக்கிற்று, சந்தேகத்தையும் உண்டாக்கிற்று. செடிகளின் உள்ளமைப்பை ஆராய்ந்து புகழ்பெற்ற நெகமையா க்ரூ என்பவரிடம் சங்கத்தார் பரீட்சை செய்யும்படி சொன்னார்கள். அவருக்கு ஒன்றும் தென்படவில்லை. வேறொருவராயிருந்தால் இதைப் பெரிய அவமானமாகக் கருதிக் கோபித்துக்கொண்டிருப்பார். லேவன்ஹூக் செய்தது வேறு. நீதி மண்டபத்தில் வேலை பார்த்த அவருக்குச் சாட்சியத்தின் முறை தெரிந்திருந்தது. மதகுருமார், பத்திரங்களை அத்தாட்சி செய்யும் நோட்டரி முதலான நம்பத் தகுந்த எட்டுப் பேரை வீட்டுக்கு அழைத்து, தம் கருவியின் வழியாகப் பார்க்கச் செய்து, அவர்கள் கையொப்பமிட்ட வாக்குமூலங்களை 1677-ம் வருஷம் அக்டோபர் மாதம் லண்டனுக்கு அனுப்பினார்.

ஒரு தினையளவு தண்ணீரில் தாங்கள் கண்ட உயிர்களின் தொகை பதினாயிரம் என்று ஒருவரும், முப்பதினாயிரம் என்று ஒருவரும், நாற்பத்தையாயிரம் என்று ஒருவரும் எழுதியிருந்தார்கள். அதுவும், தங்கள் மனத்தில் பட்ட தொகையில் பாதியைத்தான் சொல்வதாகவும் குறிப்பிட்டிருந்தார்கள். சட்ட நுணுக்கம் அறிந்தவர்கள் இந்த வித்தியாசத்தைக் கண்டு சந்தோஷப்படுவார்கள். சொல்லிக்கொடுத்த சாட்சிகள் எட்டுப் பேரும் ஒரே தொகையைச் சொல்லியிருப்பார்கள். பிரதான விஷயத்தில் ஒற்றுமையும் அற்ப விஷயங்களில் வேற்றுமையும் உண்மைச் சாட்சியத்தின் லட்சணம்.

ஆனால் எத்தனை சாட்சிகள் சொன்னாலும் தாமே பார்க்க வேண்டும் என்பது ராயல் சொஸைட்டியாரின் கொள்கை. அது சரியான கொள்கையே. இப்பொழுது அந்த வேலை ராபர்ட் ஹூக்கிடம் வந்தது. அவரும் மிளகை ஊறவைத்தார். மெல்லிய கண்ணாடிக் குழாய்களைச் செய்தார். தம்முடைய கருவியைச் சீர்திருத்தினார். 1677-ம் வருஷம் நவம்பர் 15-ந் தேதி கூடிய சபையில் அந்தப் பிராணிகள் நீந்துவதை அங்கத்தினர் பலர் நேரில் பார்த்தார்கள். லண்டனில் பெரிய தேவாலயத்தை நிர்மாணித்த கிறிஸ்டோபர் ரென் அவர்களில் ஒருவர். டெல்ப்ட் நகரத்து வியாபாரியின் வாக்குமூலம் மெய்யென்று அன்றோடு தீர்ப்பாயிற்று. 1680-ம் வருஷம் அவரைச் சங்கத்தின் அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கௌரவத்தை அவர் பெரும் பாக்கியமாகப் போற்றினார். எனினும் ஒரு கூட்டத்துக்கேனும் அவர் போனதில்லை.

வாயிலும் தானியத்திலும்

1683-ம் வருஷம் அவர் தம்முடைய பல்லில் படிந்த அழுக்கை எடுத்துப் பார்த்தார். தினந்தோறும் காலையில் உப்பினால் பல் துலக்கி, துணியால் துடைத்துக்கொள்ளும் பழக்கமுடையவர் அவர். அப்படியிருந்தும் பற்களின் இடுக்கில் மாவுபோல் வெள்ளையாக ஏதோ தங்கியிருந்தது. அதை மழைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தபோது கோல் போன்றவையும் சுருள் போன்றவையுமாகப் பலவகைக் கிருமிகள் அம்புபோல் பாய்ந்தன. வீட்டுப் பெண்மணிகளின் வாயிலும், வாழ்நாளில் பல்லே துலக்காத ஒரு கிழவனுடைய வாயிலும் எடுத்துப் பார்த்தார். கிழவனுடைய வாயில் கூட்டம் சொல்லி முடியாது. தம் தேசத்திலுள்ள ஜனங்களைவிடத் தம் ஒரு வாயில் வாழும் பிராணிகள் அதிகம் என்று எழுதினார். அந்தக் கடிதத்தோடு அனுப்பிய படங்களே கிருமிகளைக் குறித்த ஆதிச் சித்திரங்கள். தமக்குச் சித்திரம் வராது என்பதை ஒப்புக்கொண்டு, கூலி கொடுத்து ஒரு சித்திரக்காரரை வைத்து எழுதுவித்தார். சில வருஷங்களுக்குப் பின் முன் பற்களில் அந்தப் பிராணிகள் உயிரின்றிக் கிடப்பதைக் கண்டு, தாம் காலையில் சூடாகக் குடிக்கும் காப்பியே காரணமென்று ஊகித்தார். வெப்பத்தால் கிருமிகள் மடியும் என்னும் உண்மை இவ்வாறு ஒரு காப்பிக் கிண்ணத்தின் பக்கத்தில் எட்டிப் பார்த்தது.

அக்காலத்தில் புழு பூச்சிகள் தாய் தகப்பனின்றி அழுக்கிலும் அழுகலிலும் தாமாகவே தோன்றுகின்றன என்பது கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் காலந்தொட்டு ஐரோப்பியர் கொண்டிருந்த கொள்கை. நம் முன்னோரும் வியர்வையில் பிறப்பன என்று உயிர்களில் ஒரு வகுப்பு வைத்திருந்தார்கள். லேவன்ஹூக் தானியக் களஞ்சியத்திலுள்ள வண்டுகளைக் குப்பியில் அடைத்து வளர்த்து, அவை இணைந்து முட்டையிடுவதையும், முட்டையிலிருந்து புழு வருவதையும் பார்த்து எழுதினார். மணலிலும் புழுதியிலும் பிறப்பதாகச் சொல்லப்பட்ட தெள்ளுப்பூச்சிக்கும் முட்டை, புழு, கூடு என்னும் பருவங்கள் உண்டு என்று காட்டினார். எவ்வளவு அற்பமான பிராணியாயினும் தன் இனத்தின் வழியாகவே பிறக்கிறது என்பது அவருடைய முடிவு. 1702-ம் வருஷம் கூரைத் தகட்டின் வாய்க்காலில் காய்ந்து கிடந்த தூசியை எடுத்துத் தண்ணீர் விட்டார். இறந்தவை போல் சுருங்கிக் கிடந்த சக்கரப் பிராணிகள் சிறிது நேரத்தில் உயிர் பெற்று நீந்தத் தொடங்கின.

அவருடைய வீட்டைத் தேடி அரசர்களும் பிரபுக்களும் வந்தார்கள். 1698-ம் வருஷம் ருஷியச் சக்கரவர்த்தி பீட்டர் கால்வாய் வழியாகப் படகில் டெல்ப்ட் வந்தபோது, கருவிகளுடன் தம்மை வந்து பார்க்கும்படி ஆள் அனுப்பினார். விலாங்கு மீனின் வாலை ஒரு கண்ணாடிக் குழாயில் வைத்து, அதில் இரத்தம் தமனியிலிருந்து நுண்ணிய நாளங்கள் வழியாகச் சிரைக்குச் செல்லும் ஓட்டத்தை லேவன்ஹூக் காட்டினார். தச்சு வேலையையும் கப்பல் வேலையையும் கையால் கற்ற அந்தச் சக்கரவர்த்தி அதைக் கண்டு மிகவும் மகிழ்ந்தார். 1716-ல் லூவேன் சர்வகலாசாலையார் அவருக்கு வெள்ளிப் பதக்கமும் லத்தீன் செய்யுளும் அனுப்பிக் கௌரவித்தார்கள். அந்தச் செய்யுளைப் பிறர் படித்துப் பொருள் சொல்லித்தான் அவர் அறிய வேண்டியிருந்தது.

மூடிய கை

இனி அவருடைய குறையைச் சொல்லவேண்டும். கண்டதையெல்லாம் ஒளிவுமறைவின்றி உலகத்துக்குச் சொன்ன லேவன்ஹூக், எப்படிக் கண்டார் என்பதை மட்டும் சொல்லவில்லை. 1685-ம் வருஷம் ராயல் சொஸைட்டியின் சார்பில் தாமஸ் மாலினூ என்பவர் அவர் வீட்டுக்குச் சென்றார். வருபவர்களுக்குக் காட்டுவதற்கென்று சில கருவிகள் இருந்தன, அவை சிறந்தவையே. ஆனால் எல்லாவற்றிலும் மேலானவற்றைத் தமக்கென்று தனியே வைத்திருப்பதாகவும், அவற்றைத் தம் குடும்பத்தாருக்கும் காட்டுவதில்லையென்றும் லேவன்ஹூக் தெரிவித்தார். மிகச் சிறிய கிருமிகளைப் பார்க்கும் வழியையும் அவர் கடைசி வரை வெளியிடவில்லை.

ஜெர்மானியப் பேரறிஞரான லைப்னிட்ஸ் இதைக் குறித்துக் கவலைப்பட்டு, வாலிபர்களுக்கு இந்த வித்தையைக் கற்பிக்கலாகாதா என்று கேட்டார். 1715-ல் லேவன்ஹூக் மறுமொழி எழுதினார். மாணவர்களில் பலர் பணத்துக்காகவோ பெயருக்காகவோ படிக்கிறவர்கள். இந்த வேலைக்கு வேண்டிய பொறுமையும் காலமும் பொருளும் ஆயிரத்தில் ஒருவனிடமும் இரா என்பது அவர் சொன்ன காரணம். இதில் உண்மை இல்லாமற் போகவில்லை. ஆயினும் ஆயிரத்தில் ஒருவனாவது அகப்படுவானா என்று தேடிப் பார்க்காத ஆசிரியர், அந்த ஒருவனையும் இழந்துவிடுகிறார்.

1723-ம் வருஷம் ஆகஸ்ட் 26-ந் தேதி, தொண்ணூறு வயது கடந்து, லேவன்ஹூக் காலமானார். மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள தசை துடிக்கும் நோய் அவருக்கு இருந்தது. அந்த நோயின் லட்சணங்களையும் உற்று நோக்கி ராயல் சொஸைட்டிக்கு எழுதினார். அது இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. மரணப் படுக்கையிலும் ஒரு நண்பரிடம் இரண்டு கடிதங்களை லத்தீனில் பெயர்த்து அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். டெல்ப்ட் நகரத்துப் பழைய தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அவர் விரும்பியபடி 26 வெள்ளிக் கருவிகள் அடங்கிய பெட்டியை மரியா ராயல் சொஸைட்டிக்கு அனுப்பினாள். அந்தப் பெட்டி நூறு வருஷங்களுக்குப் பின் காணாமற் போயிற்று. வீட்டிலிருந்த மற்றக் கருவிகள் மரியா இறந்த பிறகு 1747-ல் ஏலம் போடப்பட்டன. ஐந்நூறில் இன்று எஞ்சியிருப்பவை ஏறக்குறைய ஒரு டஜன் மட்டுமே.

அவருக்குப் பின் கிருமி ஆராய்ச்சி நீண்ட காலம் தேங்கி நின்றது. முழுப் பழியையும் அவர்மேல் சுமத்துவது நியாயமன்று. கிருமிகளுக்கும் நோய்களுக்கும் சம்பந்தம் உண்டென்று அக்காலத்தில் எவரும் நிரூபிக்கவில்லை. நல்ல வில்லைகளைப் பல சேர்த்துக் குற்றமின்றிக் கருவி செய்யும் முறையும் 1830-ல் ஜோஸப் ஜாக்ஸன் லிஸ்டர் வகுத்துக் காட்டும் வரை வரவில்லை. ஆனாலும் கணக்கைப் பார்க்கும்போது மனம் வருந்தாமலிருக்க முடியாது. லேவன்ஹூக் மிளகுத் தண்ணீரில் கிருமியைக் கண்டது 1676-ல். ஒரு குறிப்பிட்ட கிருமியே ஒரு குறிப்பிட்ட நோயை உண்டாக்குகிறது என்று ராபர்ட் கோக் அடைப்பான் நோயைக் கொண்டு மெய்ப்பித்தது 1876-ல். இடையில் இருநூறு வருஷங்கள். பிரசவ அறைகளிலும் யுத்த முகாம்களிலும் அந்த இருநூறு வருஷங்களில் மடிந்தவர்களுக்குத் தொகையுண்டோ? டெல்ப்ட் நகரத்து வீட்டில் பத்து மாணவர்கள் பழகியிருந்தால் இந்தக் கெடுவில் ஐம்பது வருஷமாவது குறைந்திருக்கலாகாதா என்னும் எண்ணம் எழுவது இயல்பு.

அவர் அவ்வளவு பத்திரமாகக் காத்த ரகசியந்தான் என்ன? 2021-ம் வருஷம் ஹாலந்தில் சிலர், உட்ரெக்ட் நகரத்திலுள்ள கருவியைப் பிரிக்காமலே நியூட்ரான் கதிர்களைச் செலுத்தி, தகடுகளுக்குள் மறைந்திருந்த வில்லையின் வடிவத்தைக் கண்டார்கள். அது சிறு காம்போடு கூடிய உருண்டை. கண்ணாடியை நெருப்பில் காட்டி நூலாக இழுத்து, அந்த நூலின் நுனியை மறுபடி உருக்கினால் இத்தகைய மணி உண்டாகும். இந்த முறை எங்கே சொல்லப்பட்டிருக்கிறதென்றால், ராபர்ட் ஹூக் 1665-ல் வெளியிட்ட மைக்ரோகிராபியா புஸ்தகத்தின் முகவுரையில் சொல்லப்பட்டிருக்கிறது. ஹூக் எல்லோருக்குமாகத் திறந்து வைத்த வழியிலேயே அந்தக் கருவியின் வில்லை உருவாகியிருக்கிறது. ஒருவர் தாராளமாகக் கொடுத்ததை வைத்துக்கொண்டே மற்றொருவர் மூடி மறைத்தார் என்று சொல்ல நேருவது சங்கடமானாலும், சாட்சியம் அப்படித்தான் இருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகும் லேவன்ஹூக்கின் பெருமை குன்றாது. மணி செய்யும் முறை எத்தனையோ பேருக்குத் தெரிந்திருந்தது. அதன் வழியாக ஐம்பது வருஷம் விடாமல் பார்த்தவர் அவர் ஒருவர்தாம். ராயல் சொஸைட்டிக்கு அவர் எழுதிய கடிதங்கள் ஏறக்குறைய 190. அத்தனையும் தாய்மொழியில், வீட்டில் பேசும் சாதாரண டச்சு நடையில் எழுதப்பட்டவை. லத்தீன் தெரியவில்லையே என்று அவர் வாய் மூடிக்கொண்டிருக்கவில்லை. சொல்லத் தக்க உண்மை கையிலிருந்தபடியால் மொழிபெயர்ப்பவர்கள் தாமாகவே கிடைத்தார்கள். உயர்ந்த சாஸ்திரங்களை நம் பாஷையில் சொல்ல முடியுமா என்று இன்னும் ஐயுறுகிறவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

1981-ம் வருஷம் பிரையன் போர்ட் என்னும் ஆராய்ச்சியாளர் ராயல் சொஸைட்டியின் பழைய தஸ்தாவேஜுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, லேவன்ஹூக்கின் கடிதங்களோடு சிறு காகிதப் பொட்டலங்கள் ஒட்டியிருக்கக் கண்டார். அவற்றினுள் தக்கை, நெட்டி, பருத்தி விதை, மாட்டின் கண் நரம்பு ஆகியவற்றின் சீவல்கள் முந்நூறு வருஷங்களாகக் கெடாமல் கிடந்தன. தாம் சொல்வதைச் சங்கத்தார் தாங்களே சோதித்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அனுப்பி வைத்தவை அவை. தமக்கென்று ஒளித்து வைத்த கருவிகள் சிதறிப் போயின. பிறர் பார்ப்பதற்கென்று கடிதத்தோடு அனுப்பிய சீவல்கள் இருக்கின்றன. கைகண்ட மருந்தின் முறையைப் பெற்ற மகனுக்கும் சொல்லாமல் மாய்ந்த வைத்தியர்களைப் பற்றி நம் ஊர்களிலும் கேட்டிருக்கிறோம். வித்தை உள்ளவர்கள் இந்த ஜவுளி வியாபாரியின் கண்ணையும் பொறுமையையும் மேற்கொள்ளட்டும். அவர் எழுதாமல் விட்ட கடிதத்தை மட்டும் தாங்கள் எழுதி வைத்துவிட்டுப் போகட்டும்.